கஃப்லிங்க்: தேர்ந்தெடுப்பது முதல் கழற்றி வைப்பது வரை முழுமையான வழிகாட்டி

கஃப்லிங்க் என்பது முழுக்கைச் சட்டையின் கஃப்பை, அதாவது மணிக்கட்டுப் பட்டியை, பட்டனுக்குப் பதிலாக மூடும் சிறு அணிகலன். நிகழ்ச்சிக்குக் கிளம்பும் நேரத்தில் அந்தக் கஃப்லிங்க்கோடு மல்லுக்கட்டுகிறவர்களைப் பலமுறை பார்த்து, கூடவே நின்று மாட்டியும் விட்டிருக்கிறேன். பெரும்பாலும் கதை ஒன்றுதான். கண்ணில் பட்டதும் பிடித்துப்போய் ஒரு ஜோடியை வாங்கியிருப்பார்கள். அப்புறம் அதற்கென்று ஒரு சட்டை தேடியிருப்பார்கள். கடைசி நிமிடத்தில்தான் அந்தச் சட்டையின் கஃப் கோட்டுக் கைக்குள் நுழையவில்லை என்பது தெரியவரும்.

வரிசையை மாற்றினால் முக்கால்வாசிச் சிக்கல் தீர்ந்துவிடும். முதலில் சட்டையின் கஃப், அடுத்து அதன் அளவு, பிறகு கோட்டின் கை, அதன் பிறகு கஃப்லிங்க்கின் பூட்டு, எல்லாவற்றுக்கும் கடைசியில் நிறமும் வடிவமும். இந்த வழிகாட்டியும் அதே வரிசையில்தான் போகிறது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் முறை ஒன்றே. அளவு மட்டும் மாறும்.

கையில் இருக்க வேண்டியவை: அணியப்போகும் சட்டை, அதன்மேல் போடப்போகும் கோட், கைக்கடிகாரம் கட்டுவதாக இருந்தால் அது, ஒரு சிறிய துண்டு, ஆள் உயரக் கண்ணாடி. மாற்று ஏற்பாடாக ஒரு ஜோடி பட்டு முடிச்சு கஃப்லிங்க். அது ஏன் என்பது பின்னால் வரும்.

1. முதலில் சட்டையின் கஃப்பைப் பாருங்கள்

எல்லா முழுக்கைச் சட்டையிலும் கஃப்லிங்க் போட முடியாது. கஃப்பின் இரண்டு முனைகளிலும் காஜா இருக்க வேண்டும். ஒரு முனையில் காஜாவும் மறு முனையில் பட்டனும் மட்டும் இருந்தால் அது சாதாரண பட்டன் கஃப். கஃப்லிங்க்குக்கு அதில் வழியில்லை.

கஃப்லிங்க் ஏற்கும் கஃப்புகள் மூன்று வகை.

டபுள் கஃப், அதாவது ஃப்ரெஞ்ச் கஃப். நீளமாகத் தைத்து, வெளிப்பக்கமாகப் பாதி மடித்துப் போடுவது. மடித்ததும் நான்கு காஜாக்கள் ஒன்றின்மேல் ஒன்றாக வரும். சூட்டோடும், மாலை விருந்துக்கான டின்னர் ஜாக்கெட்டோடும் போடுவது இதைத்தான். முதல் சட்டை வாங்குகிறவர்கள் யோசிக்காமல் இதையே வாங்கலாம்.

சிங்கிள் கஃப். மடிப்பு இல்லாமல், விறைப்பாக, இரண்டே காஜாக்களோடு இருக்கும். வாலுள்ள கறுப்புக் கோட்டும் வெள்ளை வெஸ்ட்டும் வெள்ளை போ டையும் அணியும் ஒயிட் டை உடைக்கு உரியது இது.

மூன்றாவது கன்வர்ட்டிபிள் கஃப். பட்டன் இருக்கும், அந்தப் பட்டனுக்குப் பக்கத்திலேயே கூடுதலாக ஒரு காஜாவும் இருக்கும். பட்டனையும் போடலாம், கஃப்லிங்க்கும் போடலாம். அவசரத்துக்கு நல்லது. ஆனால் கஃப்லிங்க் போட்டால் பட்டன் உள்ளங்கைப் பக்கமாகத் துருத்திக்கொண்டு வெளியே தெரியும். மிகவும் முறைப்படியான நிகழ்ச்சிக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

காக்டெய்ல் கஃப் என்று ஒன்று உண்டு. மடித்துப் போடுவதால் டபுள் கஃப் போலவே தோன்றும். ஆனால் அதை மூடுவது பட்டன்தான். மடிப்பை மட்டும் பார்த்து வாங்கி ஏமாந்துவிடாதீர்கள், காஜாவை எண்ணிப் பாருங்கள்.

2. சட்டைக் கையின் நீளமும் கஃப்பின் சுற்றளவும்

பருத்திச் சட்டையாக இருந்தால் அளவு பார்ப்பதற்கு முன் ஒருமுறை துவைத்துவிடுங்கள். முதல் துவையலில் துணி கொஞ்சம் சுருங்கும். புதுச்சட்டையில் சரியாக இருந்த கை, துவைத்த பிறகு மணிக்கட்டுக்கு மேலே ஏறிவிடலாம்.

கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது கஃப்பின் விளிம்பு, மணிக்கட்டு முடிந்து கட்டைவிரலின் அடி தொடங்கும் இடத்தில் நிற்க வேண்டும். கோட்டின் கை அதைவிடச் சுமார் 1 முதல் 1.5 செ.மீ. மேலே முடிய வேண்டும். சட்டை அந்த அளவுக்கு எட்டிப் பார்த்தால் போதும்.

இங்கே புதியவர்களுக்கு ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. இந்த அளவில் கஃப்லிங்க்கின் பெரும்பகுதி கோட்டுக்குள்தான் இருக்கும். காசு போட்டு வாங்கியது தெரியவே இல்லையே என்று சட்டைக் கையை வெளியே இழுத்துவிட்டுக்கொள்கிறார்கள். இழுக்க வேண்டாம். கைகுலுக்கும்போதும், முழங்கையை மடக்கும்போதும், மேசைமேல் கை வைக்கும்போதும் அது தானாகவே வெளியே வரும். அப்படி அவ்வப்போது தெரிவதுதான் இதற்கு அழகு.

அடுத்தது சுற்றளவு. கஃப்பைக் கஃப்லிங்க் கொண்டு மூடிய பிறகு கையைக் கீழே தொங்கவிடுங்கள். கஃப் கட்டைவிரலின் அடியில் தட்டி நிற்க வேண்டும். அதைத் தாண்டி உள்ளங்கைவரை இறங்கினால் கஃப் பெரிது. பட்டன் கஃப்பில் இடம் மாற்றித் தைத்துச் சரிசெய்வதுபோல் இதில் செய்ய முடியாது. காஜா ஒரே இடத்தில்தான் இருக்கும். தையல்காரரிடம் கொடுத்துக் கஃப்பையே சிறிதாக்க வேண்டும். அதனால் வாங்கும்போதே பார்த்துவிடுவது நல்லது. மூடிய கஃப்புக்கும் மணிக்கட்டுக்கும் இடையே இரண்டு விரல் நுழையும் தளர்வு போதும்.

கடிகாரம் கட்டுகிற கைக்கு இன்னும் கொஞ்சம் இடம் வேண்டும். சட்டை தைக்கக் கொடுப்பவர்கள் அந்தக் கையின் கஃப்பை மட்டும் சற்றுப் பெரிதாக வைக்கச் சொல்லலாம். ஆயத்தச் சட்டை என்றால் தடிமனான கடிகாரத்தை அன்றைக்கு வீட்டிலேயே விட்டுவிட்டு மெல்லிய ஒன்றைக் கட்டுங்கள்.

கடைசியாகக் கோட். டபுள் கஃப் மடித்து மூடினால் சாதாரணக் கஃப்பைவிட நல்ல தடிமனாக இருக்கும். கோட்டுக் கையின் முனை இறுக்கமாக இருந்தால் கஃப் அதற்குள் போகாது. போனாலும் மாட்டிக்கொண்டு கீழே இறங்காது. இதைச் சரிபார்த்த பிறகுதான் கஃப்லிங்க் பக்கமே போக வேண்டும்.

3. பின்பக்கப் பூட்டைத் தேர்ந்தெடுங்கள்

கஃப்லிங்க்குக்கு மூன்று பாகங்கள்: வெளியே தெரியும் முகப்பு, காஜாக்களுக்குள் போகும் தண்டு, மறுபக்கம் விழாமல் பிடிக்கும் பூட்டு. எல்லோரும் பார்ப்பது முகப்பை. ஆனால் மாட்டுவது சுலபமா, நாள் முழுதும் நிற்குமா என்பதை முடிவுசெய்வது பூட்டுதான். அதனால் அதை முதலில் பாருங்கள்.

புல்லட் பேக்: தண்டின் முனையில் கவட்டை போன்ற அமைப்புக்கு நடுவே சிறிய உருளை சுழலும். நேராக வைத்து நுழைத்து, குறுக்கே திருப்பினால் பூட்டிக்கொள்ளும். தனியாக மாட்டிக்கொள்ள எளிது. முதல் ஜோடிக்கு இதுதான் என் தேர்வு.

வேல் பேக்கும் இதே மாதிரிதான். உருளைக்குப் பதில் தட்டையான, திமிங்கிலத்தின் (whale) வால் போன்ற தகடு இருக்கும். விரலால் பிடித்துத் திருப்ப இன்னும் எளிது. தகட்டின் ஓரம் கூராக இருந்தால் கோட்டின் உள்துணியைக் கீறும். வாங்கும்போது விரலால் ஒருமுறை தடவிப் பாருங்கள்.

நிலையான பின்பக்கம்: அசையும் பாகமே கிடையாது. ஒருபுறம் பெரிய முகப்பு, மறுபுறம் அதைவிடச் சிறிய முகப்பு, நடுவே தண்டு. சிறியதைக் காஜாக்கள் வழியாகத் தள்ளி வெளியே எடுக்க வேண்டும். தேய்ந்து தளர எதுவும் இல்லாததால் நெடுங்காலம் உழைக்கும். ஆனால் புதுச் சட்டையின் இறுகிய காஜாவில் நுழைக்கப் பொறுமை வேண்டும்.

செயின் வகையில் இரண்டு முகப்புகளைச் சிறு சங்கிலி இணைக்கும். கஃப்பின் இருபுறமும் அழகாகத் தெரியும், கஃப்பும் இறுக்கமில்லாமல் இயல்பாக விழும். பழைய முறைப்படி அணிய விரும்புகிறவர்கள் இதை மிகவும் நேசிப்பார்கள். நானும் அந்தக் கட்சிதான். ஒரு கையால் மாட்டுவது கடினம் என்பதால் முதல் ஜோடியாக இதை வாங்க வேண்டாம்.

பட்டு முடிச்சு: உலோகமே இல்லை. நூலை முறுக்கிக் கட்டிய இரண்டு முடிச்சுகள், நடுவே வளையும் இணைப்பு. விலை குறைவு, எடையே தெரியாது, எதையும் கீறாது. டை இல்லாமல் போகும் இடங்களுக்கும் பொருந்தும்.

புல்லட் பேக்கோ வேல் பேக்கோ வாங்கும்போது ஒரு சோதனை செய்யுங்கள். பூட்டை நேராகவும் குறுக்காகவும் சில முறை திருப்புங்கள். இரண்டு நிலையிலும் ‘டக்’ என்று விழுந்து அங்கேயே நிற்க வேண்டும். பிறகு குறுக்கு நிலையில் வைத்து மெல்லக் குலுக்குங்கள். தானாகத் திரும்பினால் உள்ளே இருக்கும் வில் (ஸ்பிரிங்) தளர்ந்திருக்கிறது. எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த ஜோடி வேண்டாம்.

தண்டின் நீளமும் முக்கியம். டபுள் கஃப்பில் நான்கு அடுக்குத் துணி ஒன்றுசேரும். தண்டு குட்டையாக இருந்தால் பூட்டு திரும்பவே இடம் இருக்காது, திரும்பினாலும் துணி நசுங்கிச் சுருங்கும். தண்டு மிக நீளமாக இருந்தால் முகப்பு தொங்கித் தலைகவிழும். சட்டையைக் கையோடு எடுத்துப்போய் மாட்டிப் பார்த்து வாங்குவதுதான் ஒரே வழி.

4. முகப்பின் அளவு

பெரும்பாலான முகப்புகள் 12 முதல் 20 மி.மீ. வரை இருக்கும். 15 மி.மீ. அளவு யாருக்கும் பொருந்தும். மணிக்கட்டு மெல்லியவர்கள் 12 பக்கமாகவும் பெரியவர்கள் 18 பக்கமாகவும் போகலாம். அதற்கு மேல் போனால் கோட்டுக் கை அதன்மேல் வழுக்கி இறங்காமல் தட்டிக்கொண்டே இருக்கும்.

எடையையும் கையில் வைத்துப் பாருங்கள். கனமான முகப்பு மெல்லிய துணிக் கஃப்பைக் கீழே இழுத்துக் கோணலாக்கும்.

5. நிகழ்ச்சிக்கு ஏற்ற உலோகமும் நிறமும்

இதில் விதிகள் கொஞ்சம்தான், ஆனால் அவை தெளிவானவை.

ஒயிட் டை என்றால் வெள்ளை முத்துச்சிப்பி. சட்டையின் முன்பக்கத்தில் பட்டனுக்குப் பதில் மாட்டும் ஸ்டட்களும் அதே பொருளில் இருக்க வேண்டும். கைக்கடிகாரம் கட்டாமல் போவதுதான் இதன் மரபு. பிளாக் டை, அதாவது டின்னர் ஜாக்கெட் என்றால் கறுப்பு ஓனிக்ஸ் கல் அல்லது முத்துச்சிப்பி, வெள்ளி நிறச் சட்டத்திலோ தங்க நிறச் சட்டத்திலோ. இங்கேயும் ஸ்டட்களும் கஃப்லிங்க்கும் ஒரே குடும்பமாக இருக்கட்டும். செட்டாகவே வாங்கிவிடுவது வசதி.

அலுவலகச் சூட்டுக்கு வேலைப்பாடு குறைந்த வெள்ளி நிற வட்டமோ, நீள்வட்டமோ, சதுரமோ போதும். துக்க நிகழ்ச்சிக்கு மினுமினுப்பு இல்லாத, கல் பதிக்காத ஒன்று. கொண்டாட்டமான இடங்களில் எனாமல் நிறங்களையும் வேடிக்கையான வடிவங்களையும் தாராளமாக அணியலாம். நேர்முகத் தேர்வுக்கு அவை வேண்டாம். பேச வேண்டிய விஷயத்தை விட்டுவிட்டு எதிரில் இருப்பவரின் கண் மணிக்கட்டுக்கே போகும்.

உலோகத்தைக் கடிகாரத்தின் கூட்டோடும், பெல்ட் பக்கிளோடும், டை பின்னோடும் ஒத்துப்போகச் செய்யுங்கள். வெள்ளி நிறம் என்றால் எல்லாம் வெள்ளி நிறம், தங்கம் என்றால் எல்லாம் தங்கம். எப்போதும் விரலில் இருக்கும் திருமண மோதிரத்தை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். நிறக் கல்லோ எனாமலோ இருந்தால் டையில் ஏற்கெனவே இருக்கும் ஒரு சிறு நிறத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டையின் பிரதான நிறத்தை அப்படியே கஃப்லிங்க்கிலும் வைத்தால் சீருடை போலத் தெரியும்.

பொருளைப் பொறுத்தவரை, ஸ்டெர்லிங் வெள்ளியில் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி இருக்கும்; 925 என்ற முத்திரையைப் பாருங்கள். 18 காரட் தங்கத்தில் 750 என்று இருக்கும். வெள்ளி காலப்போக்கில் கறுக்கும், துடைத்தால் பழைய பளபளப்பு வந்துவிடும். பித்தளைமேல் முலாம் பூசியது மலிவு. ஆனால் உராய்வு அதிகம் படும் ஓரங்களிலும் பூட்டிலும் முலாம் முதலில் தேயும், தேய்ந்தபின் துடைத்துப் பயனில்லை. எவர்சில்வர் கறுக்காது, கீறலையும் தாங்கும். வருடத்தில் சில நாட்கள் மட்டும் அணிகிறவருக்கு இது நிம்மதி.

கல் பதித்ததாக இருந்தால் ஓரத்தைப் பாருங்கள். கல்லைச் சுற்றி உலோக விளிம்பு பிடித்திருக்கிறதா, வெறும் பசையில் ஒட்டியிருக்கிறதா? பசை ஒருநாள் விட்டுவிடும்.

6. முந்தின நாளே செய்ய வேண்டியவை

கஃப்பை முழுதாகப் பிரித்து, தட்டையாக வைத்து, இரண்டு பக்கமும் இஸ்திரி போடுங்கள். விளிம்பிலிருந்து உள்நோக்கித் தேய்த்தால் ஓரத்தில் சுருக்கம் விழாது. மடிப்பின்மேல் இஸ்திரிப் பெட்டியை அழுத்திக் கத்தி முனை போலக் கோடு போடாதீர்கள். அந்தக் கோட்டில்தான் துணி முதலில் நைந்து கிழியும். கையால் மடித்து, விரலால் நீவிவிட்டாலே போதும், மடிப்பு உருண்டையாக நிற்கும்.

சிங்கிள் கஃப்புக்குக் கஞ்சி போட வேண்டும். டபுள் கஃப்புக்குக் கட்டாயமில்லை, போட்டால் லேசாக. கஞ்சி அதிகமானால் காஜா ஒட்டிக்கொண்டு தண்டு நுழையாது. காஜாக்களை விரல் நகத்தால் ஒருமுறை திறந்துவிடுங்கள்.

பிறகு ஒத்திகை. உட்கார்ந்து, அவசரம் எதுவும் இல்லாதபோது இரண்டு கைகளிலும் ஒருமுறை மாட்டிக் கழற்றிப் பாருங்கள். இதைச் செய்தவர்கள் மறுநாள் பதறி நான் பார்த்ததில்லை.

7. உடுத்தும் வரிசை

வாசனைத் திரவியமும் தலைமுடிக்கான ஸ்பிரேயும் முதலில். அவை முத்துச்சிப்பியையும் முத்தையும் மங்கச் செய்யும்.

அடுத்து சட்டை, முன்பக்க பட்டன்கள், பேன்ட், சட்டையை உள்ளே விட்டு பெல்ட், டை. இவ்வளவும் முடிந்த பிறகுதான் கஃப்லிங்க்கைப் பூட்ட வேண்டும். (சட்டையைப் போடும் முன் அதைப் பாதி மட்டும் நுழைத்து வைப்பது அடுத்த பகுதியில் வரும்.) முன்பே பூட்டிவிட்டுச் சட்டையை இடுப்புக்குள் செருகினால் பூட்டு பேன்ட்டில் மாட்டி இழுக்கும், பக்கிளில் உரசிக் கீறல் விழும்.

கஃப்லிங்க்குக்குப் பிறகு கடிகாரம். அதற்குப் பிறகு கோட்.

8. மாட்டும் முறை

முதலில் கஃப் எப்படி மூட வேண்டும் என்பதை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பட்டன் கஃப்பில் ஒரு முனை மற்றதன்மேல் ஏறிப் படுக்கும். கஃப்லிங்க்கில் அப்படி இல்லை. கும்பிடும்போது இரண்டு உள்ளங்கைகள் சேர்கிற மாதிரி, இரண்டு முனைகளின் உள்பக்கங்களும் ஒன்றையொன்று தொட்டு, சுண்டுவிரல் பக்கமாக வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். கஃப்பின் குறுக்குவெட்டு நீர்த்துளி வடிவில் இருக்கும். பழக்கதோஷத்தில் முனைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி மூடுவதுதான் நான் அதிகமாகப் பார்க்கும் தவறு. மாட்ட முடியும், ஆனால் மணிக்கட்டை இறுக்கும், முகப்பும் கோணிக்கொண்டு நிற்கும்.

திசை: முகப்பு புறங்கைப் பக்கம், பூட்டு உள்ளங்கைப் பக்கம். கையைத் தொங்கவிட்டு நின்றால் முகப்பு வெளியே பார்க்கும், பூட்டு உங்கள் உடலைப் பார்க்கும். மேசைமேல் உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்தால் முகப்பு மேலே பார்க்கும். இந்த ஒன்றை நினைவில் வைத்தால் இடது வலது குழப்பமே வராது.

எந்தக் கைக்கு முதலில்? வலக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இடக்கைக் கஃப் எளிது, வலக்கைக் கஃப் கடினம். கடினமானதை முதலில் செய்யுங்கள். விரல் வியர்க்காமல், மனம் சலிக்காமல் இருக்கும்போது அது முடிந்துவிடட்டும்.

இனி படிப்படியாக.

அ) சட்டையைப் போடும் முன்பே கஃப்பை மடித்து, புறங்கைப் பக்கம் வரும் முனையின் இரண்டு காஜாக்களில் மட்டும் கஃப்லிங்க்கை வெளியிலிருந்து உள்ளே நுழைத்துவிடுங்கள். பூட்டு நேராகவே இருக்கட்டும். கஃப் திறந்தேதான் இருக்கிறது, கை தாராளமாக உள்ளே போகும். பாதி வேலை இரண்டு கைகளும் சும்மா இருக்கும்போதே முடிந்துவிட்டது. கை நுழையும்போது தண்டு கழன்றுவிடாமல் முகப்பின்மேல் ஒரு விரலை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆ) சட்டை, பேன்ட், டை எல்லாம் முடிந்ததும் மேசையில் துண்டை விரித்து, அதன்மேல் முன்கையை உள்ளங்கை மேலே பார்க்கும்படி வையுங்கள். இப்போது முகப்பு துண்டின்மேல் படிந்திருக்கும், தண்டு மேல்நோக்கி நிற்கும். மேசையே உங்களுக்கு இன்னொரு கையாக உதவும். மேசை இல்லாத இடத்தில் தொடையின்மேல் வைத்துக்கொள்ளலாம்.

இ) மறு முனையின் மடிப்பைச் சரிசெய்து, அதன் இரண்டு காஜாக்களும் ஒன்றின்மேல் ஒன்று நிற்கிறதா என்று பாருங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே அந்த முனையைப் பிடித்து, நிற்கும் தண்டின்மேல் இறக்குங்கள். முதல் காஜாவில் தண்டு நுழைவது விரலுக்குத் தெரியும். மெல்ல அழுத்தினால் இரண்டாவதிலும் நுழையும்.

ஈ) பூட்டு முழுதாக வெளியே வந்துவிட்டதா என்று கண்ணால் பாருங்கள். நான்கில் மூன்று காஜாக்களில் மட்டும் நுழைந்து, கடைசி அடுக்கு மேலே மூடியிருப்பது அடிக்கடி நடக்கும். விரலுக்கு மாட்டியது போலவே இருக்கும், சற்று நேரத்தில் மடிப்பு பிரிந்து தொங்கும்.

உ) கட்டைவிரல் நகத்தால் பூட்டைக் குறுக்கே தள்ளுங்கள். ‘டக்’ என்ற உணர்வு வர வேண்டும்.

ஊ) இப்போது பூட்டு எந்தப் பக்கமாகப் படுத்திருக்கிறது என்று பாருங்கள். காஜாவின் கீறல் நெடுகப் படுத்திருந்தால் அதே கீறல் வழியாக நழுவ வாய்ப்பு உண்டு. மொத்தக் கஃப்லிங்க்கையும் மெல்லச் சுழற்றி, பூட்டு கீறலுக்குக் குறுக்காக நிற்கும்படி செய்யுங்கள். வட்டமான வெறும் முகப்புக்கு இதில் சிக்கலே இல்லை. எழுத்தோ உருவமோ பொறித்த முகப்பு என்றால் சுழற்றும்போது அதுவும் சாயும். அதனால் அப்படிப்பட்ட ஜோடியை வாங்கும்போதே, பூட்டு குறுக்கே நிற்கையில் உருவம் நேராக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

எ) மடிப்பின் ஓரங்களை விரலால் ஒன்றுசேர்த்து நீவுங்கள். உள்ளடுக்கு வெளியடுக்கைத் தாண்டி எட்டிப் பார்க்கக் கூடாது.

செயினும் பட்டு முடிச்சும் கொஞ்சம் வேறு. அவற்றில் தண்டு நிற்காது. முதல் இரண்டு காஜாக்களில் நுழைப்பது வரை அதே முறை. பிறகு சிறிய முகப்பை விரலால் சாய்த்து, ஒவ்வொரு காஜாவாக விளிம்பு விளிம்பாக நுழைக்க வேண்டும். பட்டு முடிச்சை ஒரே இழுப்பில் இழுத்தால் நூல் பிரியும்.

9. கோட் போடும்போது

சட்டையின் கஃப் விளிம்பை அதே கையின் விரல்களால் உள்ளங்கைக்குள் மடக்கிப் பிடித்துக்கொண்டு கோட்டுக் கைக்குள் நுழையுங்கள். பிடிக்காமல் நுழைத்தால் கஃப் முழங்கைவரை சுருண்டு ஏறும், பூட்டு உள்துணியில் மாட்டும். கை வெளியே வந்ததும் விடுங்கள். ஒருமுறை இரண்டு கைகளையும் முன்னே நீட்டி மடக்கினால் எல்லாம் அதனதன் இடத்தில் விழுந்துவிடும்.

கண்ணாடி முன் நின்று இரண்டு கைகளிலும் சட்டை ஒரே அளவு தெரிகிறதா என்று பாருங்கள். ஒன்று குறைவாகத் தெரிந்தால் பெரும்பாலும் கடிகாரம் அந்தக் கஃப்பைத் தடுத்திருக்கும். கடிகாரத்தைச் சற்று மேலே ஏற்றிவிடுங்கள்.

10. நிகழ்ச்சி நடுவே கழன்றுவிட்டால்

ஒன்று தொலைந்தால் மற்றதையும் கழற்றிவிடுங்கள். ஒரு கையில் மட்டும் இருந்தால் உடனே கண்ணில் படும். இதற்காகத்தான் பட்டு முடிச்சு ஒரு ஜோடி வேண்டும் என்றேன், அதைக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதுவும் இல்லையா? இரண்டு சட்டை பட்டன்களை எடுத்து, நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டு நான்கைந்து முறை நூல் கோத்து, அந்த நூலைச் சுற்றிலும் இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போடுங்கள். செயின் வகைக் கஃப்லிங்க்கின் வேலையை அது அப்படியே செய்யும். அதே நிறத்தில் இரண்டு ஜோடி செய்துவிட்டால், வேண்டுமென்றே அணிந்தது போலத்தான் இருக்கும். சட்டையை மடித்து முழங்கைக்கு ஏற்றிக்கொள்வது கோட் இல்லாத இடத்தில்தான் சரிவரும்.

சாப்பிட உட்காரும்போதும் மடிக்கணினியில் வேலை செய்யும்போதும் நீட்டிக்கொண்டிருக்கும் முனை மேசையில் உரசும். மணிக்கட்டைச் சற்றுத் தூக்கி வைக்கும் பழக்கம் வந்துவிட்டால் முகப்பும் கீறாது, மேசையும் கீறாது.

11. கழற்றுவதும் வைப்பதும்

கோட்டைக் கழற்றியதும் அடுத்த வேலை கஃப்லிங்க்கைக் கழற்றுவது. சட்டையோடு விட்டுவிட்டுத் துவைக்கப் போட்டுத் தொலைத்தவர்கள் ஏராளம். பூட்டை முழுதாக நேராக்கிய பிறகே இழுங்கள். பாதி திரும்பிய பூட்டோடு இழுத்தால் காஜா நூல் அறுந்துவிடும்.

மென்மையான, உலர்ந்த துணியால் துடையுங்கள். வெள்ளி பாலிஷ் வெறும் வெள்ளிக்கு மட்டும். ஓனிக்ஸ், முத்துச்சிப்பி, எனாமல் இருக்கும் முகப்பில் அது படக் கூடாது. அவற்றை லேசாக ஈரமான துணியால் துடைத்து உடனே உலரவிடுங்கள். முத்துச்சிப்பிக்கு வினிகர், எலுமிச்சை போன்ற புளிப்பான எதுவும் ஆகாது, மேற்பரப்பை அரித்துவிடும்.

ஒவ்வொன்றையும் தனித்தனித் துணிப்பையிலோ தடுப்புள்ள பெட்டியிலோ வையுங்கள். ஒன்றாகப் போட்டால் ஒன்றின் பூட்டு மற்றதன் முகப்பைக் கீறும். ஜோடி பிரியாமலிருக்க ரப்பர் பேண்ட் போடுகிறவர்கள் உண்டு. வெள்ளிக்கு அதைச் செய்யாதீர்கள், ரப்பரில் இருக்கும் கந்தகம் வெள்ளியைச் சீக்கிரம் கறுக்க வைக்கும். பூட்டைக் குறுக்கு நிலையில் விட்டு வைத்தால் பெட்டியில் எதிலாவது மாட்டி வளையும். நேராக்கி வையுங்கள், அடுத்த முறை எடுக்கும்போது அப்படியே காஜாவில் நுழைக்கலாம்.